கண்ணால் பிடித்தவர்

பட்டறையில் அவருக்கு நூல் என்று பெயர். வயதில் குறைந்தவர்கள் நூலண்ணன் என்பார்கள். ஒல்லியான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத உடம்பு. வார்ப்பிரும்பில் ஒட்டியிருக்கும் பிசிறை அவர் தேய்த்துக் கொடுத்தால் அளவு ஒரு நூல்கூட முன்னே பின்னே இருக்காது. அதனால் வந்த பெயர். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒன்று நூல். அவ்வளவு பெரிய அளவைச் சொல்லி அவரைக் கூப்பிடுவதே மரியாதைக் குறைவு, அரை நூல் என்று வைத்திருக்க வேண்டும் என்று அளவு பார்க்கும் பிரிவில் ஒருவர் சொன்னதுண்டு. அது காதில் விழுந்த நாளில் அவர் பஸ் ஏறாமல் வீடுவரை நடந்தே போனார். அவ்வளவு சந்தோஷம்.

பம்புகளுக்கும் கியர் பெட்டிகளுக்கும் உடம்பு வார்க்கும் இடம் அது. ஒரு கோடியில் உலை, நடுவில் மணல் அச்சுகள், மறு கோடியில் தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை. உருக்கிய இரும்பை ஊற்றும்போது அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடுக்கில் கொஞ்சம் பிதுங்கி, ஆறியதும் பிளேடு போல நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிசிறு. கொட்டகையில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் அதைக் கை கிரைண்டரால் தேய்த்து எடுப்பதே வேலை. மெஷின் ஆறு கிலோ. இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றோடு அணைத்து அழுத்த வேண்டும். எட்டு மணி நேர வேலையில் ஐந்து மணி நேரமாவது அது கைக்குள் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதிர்வு என்று யாரும் சொல்லமாட்டார்கள். "மெஷின் பேசுது" என்பார்கள்.

"இறுக்கிப் பிடிக்கணும். அது பேசறதைக் கையே குடிச்சிடணும், இரும்புக்குப் போகக் கூடாது" என்பது நூலின் வழக்கமான பேச்சு. கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, பிடியைப் பருமனாக்கி, இன்னும் இறுக்கிப் பிடிக்கும் வழக்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். தேய்த்த இடம் கண்ணாடி போல வந்தது. மற்றவர்களும் டியூப் தேட ஆரம்பித்தார்கள்.

பத்து வருடம் தாண்டியவர்களுக்கு அங்கே ஒன்று வரும். குளிரான காலையில் சைக்கிளை விட்டு இறங்கும்போது விரல்கள் வெளுத்திருக்கும். சாதாரண வெளுப்பு இல்லை, சுவருக்கு அடித்த வெள்ளை. எந்தக் கணுவரை என்று கோடு கிழித்தது போலத் தெரியும். கிள்ளினால் வலிக்காது. அதற்கு அவர்கள் சுண்ணாம்பு என்று பேர் வைத்திருந்தார்கள்.

"இன்னைக்குச் சுண்ணாம்பு எத்தனை விரல்?"

"மூணு."

"எனக்கு நாலரை. நான்தான் சீனியர்."

வைத்தியமும் அவர்களிடமே இருந்தது. மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டினால் மோட்டார்க் கூடு சூடேறும். அதன்மேல் விரல்களைப் பரப்பி வைத்தால் ஐந்து நிமிடத்தில் நிறம் திரும்பிவிடும். எறும்பு மொய்த்தது போலக் கடுக்கும், பிறகு சரியாகிவிடும். "மெஷின் எடுத்ததை மெஷினே திருப்பிக் கொடுத்துடும்" என்பார் சாந்தம். தொட்டதற்கெல்லாம் கத்துகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். லீவு நாளில்தான் கை மரத்துக் கிடக்கிறது, வேலைக்கு வந்தால் நேராகிவிடுகிறது, ஆகவே வேலை கைக்கு நல்லது என்று பன்னிரண்டு பேரும் மனமார நம்பினார்கள்.

சுண்ணாம்பு வரும், போகும். ஆனால் நூலுக்கு ஐந்து வருடத்துக்கு முன்பு வந்த ஒன்று போகவே இல்லை.

முதலில் சட்டைப் பட்டன்கள். காலையில் அவற்றைப் போட ஒரு நிமிடம் ஆனது, பிறகு ஐந்து நிமிடம். விரலுக்கும் பட்டனுக்கும் நடுவில் கெட்டியான துணி ஒன்று இருப்பது போலிருந்தது. அவர் பட்டன் இல்லாத பனியன் சட்டைகளுக்கு மாறினார்.

"என்ன, வயசு திரும்புதா?" என்று கேட்டாள் மனைவி.

"காத்தோட்டமா இருக்கு."

"அது சரி. அடுத்து தொப்பியா?"

அவரும் சிரித்துவைத்தார். பிறகு கண்ணாடி டம்ளர் இரண்டு உடைந்தது. கை ஈரம் என்றார். பையிலிருந்து சாவி எடுக்கிறோம் என்று நினைத்து வெறும் விரல்களை வெளியே எடுத்து, பூட்டுவரை கொண்டுபோன நாளும் உண்டு. மழைக்காலக் காலை ஒன்றில், பட்டறைக் கழிப்பறையில், கால்சட்டையின் ஜிப்பை விரல்களால் பற்ற முடியவில்லை. முயன்றுகொண்டிருக்கும்போதே அடக்க முடியாமல் போய்விட்டது. நாற்பத்தாறு வயது ஆள். வெளியே வந்து குழாயைத் திறந்து, இடுப்புக்குக் கீழே முழுக்க நனைத்துக்கொண்டு, "குழாய் பிச்சுக்கிட்டு அடிச்சிடுச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்குள் நடந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

அந்த ஐந்து வருடத்தில் அவர் ஒரு வித்தையைப் பழகிக்கொண்டார். கை எதையாவது பிடித்திருக்கிறதா என்று கையைக் கேட்பதில்லை. கண்ணைக் கேட்டார். டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் டம்ளர் கையில் நிற்கும். பார்வையை எடுத்தால், எப்போது விரல் தளர்ந்தது என்று அவருக்கே தெரியாது. கிரைண்டரை எப்படியும் பார்த்துக்கொண்டுதானே பிடிக்க வேண்டும்? அதனால் வேலையில் ஒரு நூல் பிசகவில்லை. தலையை நிமிர்த்தாமல் வேலை செய்கிறாரே, என்ன ஒரு கவனம் என்று சூப்பர்வைசர் மற்றவர்களுக்கு அவரைக் காட்டினார். பாராட்டு வந்த ஒவ்வொரு முறையும் அவருக்கு உள்ளே கூசியது. ஆனால் சொல்லவில்லை. சொன்னால் மெஷினை வாங்கிக்கொள்வார்கள். மெஷின் போனால் பெயர் போய்விடும்.

அவருடைய ஜோடி, மனைவியின் தம்பி. அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். வாய் ஓயாத ஆள், பட்டறையில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கதை சொல்வான். பேச்சுக்காக இரண்டு முறை எழுத்தில் எச்சரிக்கை வாங்கியிருந்தான். மூன்றாவது வந்தால் வெளியே போக வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

கனமான வார்ப்பைத் தூக்கச் சங்கிலிக் கப்பி ஒன்று இருந்தது. ஆனால் அது கொட்டகையின் மறு கோடியில். இழுத்து வந்து மாட்டி இறக்கப் பத்து நிமிடம். இரண்டு பேர் கையால் தூக்கினால் அரை நிமிடம். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். இடப்பக்கம் நிற்பவர் "தூக்கு" என்றால் தூக்க வேண்டும், "வை" என்றால் வைக்க வேண்டும். "வை" என்று கேட்காமல் யாரும் விரலைத் தளர்த்தக் கூடாது.

அன்று காலை மழை விட்டு ஈரக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தள்ளுவண்டியிலிருந்து பெஞ்சுக்கு ஏற்ற வேண்டிய ஒரு கியர் பெட்டிக் கூடு, அறுபது கிலோ இருக்கும். ரேடியோ இடப்பக்கம், நூல் வலப்பக்கம்.

"மாமா, நேத்து அக்கா போன் பண்ணுச்சு."

"முதல்ல தூக்கச் சொல்லுடா."

"தூக்கு. ம், தூக்கியாச்சுல்ல, இப்ப கேளுங்க. உங்க மாமா ஸ்டைலா பனியன் போட்டுக்கிட்டுத் திரியறாரு, கொஞ்சம் கண்காணிச்சுக்கோடான்னுச்சு. நான் சொன்னேன், அக்கா, நீ நிம்மதியாத் தூங்கு, அந்த உடம்பைப் பனியன்ல பார்த்தா வர்றவங்களும் ஓடிடுவாங்க..."

நூலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். கண் கையை விட்டது, கை இரும்பை விட்டது. அவர் பக்கம் சரிந்து, பெஞ்சின் விளிம்பில் மோதி, கூடு புரண்டு ரேடியோவின் வலது பாதத்தில் விழுந்தது.

சத்தம் கேட்டு எல்லா மெஷினும் நின்றது. நாலு பேர் சேர்ந்து இரும்பைத் தள்ளினார்கள். பூட்ஸை வெட்டி எடுத்தார்கள். ரேடியோ தரையில் உட்கார்ந்து, முழங்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"யாருய்யா முதல்ல விட்டது?"

நூல் தன் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் எதையோ பிடித்திருப்பது போலவே வளைந்திருந்தன.

"தெரியலை சார்" என்றான் ரேடியோ, மூச்சு வாங்கியபடி. "பேசிட்டே இருந்தேன்... நானா இருக்கும்."

அந்த இடத்தில் நூல் வாயைத் திறந்தார். திறந்து சொன்னது இதுதான்: "பேச்சைக் குறைடான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

அதோடு விஷயம் முடிந்தது. ஒரு நூல் பிசகாத ஆள் ஒரு பக்கம், வாய் ஓயாத ஆள் மறு பக்கம். யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. அறிக்கையில் கவனக்குறைவு என்று எழுதினார்கள்.

பாதத்தில் மூன்று எலும்புகள். முழங்கால்வரை மாவுக்கட்டு. அதைவிடப் பெரிய செய்தியாக வீட்டுக்கு வந்தது வேறு. ரேடியோ பேசுவதை நிறுத்திவிட்டான். கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான். நூலின் மனைவி தினமும் இரண்டு தெரு தாண்டிப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வருவாள்.

"நல்லாத் திட்டிட்டு வந்தேன்" என்பாள். "இவ்வளவு பெரிய இரும்பைத் தூக்கும்போது என்னடா வாய் வேண்டிக்கிடக்குன்னு கேட்டேன். உங்க மாமா காலா இருந்தா என்னடா பண்ணியிருப்பேன்னு கேட்டேன்."

"எதுக்குத் திட்டறே?" என்பார் நூல், தட்டைப் பார்த்தபடி.

"நீங்க விட்டுக்கொடுப்பீங்க. நான் மாட்டேன்."

கையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வாயாக எடுத்து வைப்பார்.

ஆறு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மெஷின் பிடிக்கிற எல்லோருடைய கைகளையும் சோதிக்க வேண்டும் என்ற உத்தரவின்படி, நர்ஸ் ஒருவர் பெட்டியோடு வந்தார். கண்ணாடி போட்ட, அவசரமே இல்லாத பெண். சாப்பாட்டு அறையில் மேஜை போட்டார்கள். விரல் வெளுக்கிறதா என்ற கேள்விக்கு வரிசையில் முன்னால் நின்ற ஏழு பேரும் இல்லை என்றார்கள். நாலரை விரல் சீனியரும் இல்லை என்றார்.

நூல் எட்டாவது. தட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போடச் சொன்னார் நர்ஸ். கண்ணை ஊன்றிப் போட்டு முடித்தார். நேரம் ஆனாலும் ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

"சரி. இப்போ கண்ணை மூடிக்கோங்க. எந்த விரலைத் தொடறேன்னு சொல்லுங்க."

மூடினார். காத்திருந்தார். பின்னால் யாரோ செருமினார்கள்.

"சொல்லுங்க."

"நீங்க தொட்டாத்தானே மேடம் சொல்றது?"

வரிசையில் சிரிப்பு எழுந்து, சட்டென்று அடங்கியது. அவர் கண்ணைத் திறந்தார். நர்ஸ் பேனாவின் முனையால் அவருடைய நடுவிரலை அழுத்திக்கொண்டிருந்தார். விரல் நுனியில் குழி விழுந்திருந்தது.

"எவ்வளவு நாளா?"

"ஒரு மாசமா."

அவர் கணக்குப் போட்டுத்தான் சொன்னார். இரும்பு விழுந்து ஒன்றரை மாதம்.

"ஒரு மாசத்துல இந்த அளவுக்கு வராது. இது வருஷக் கணக்கு."

"இல்ல மேடம். ஒரு மாசம்தான்."

"நீங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் நர்ஸ். பிறகு, மெஷின் சூட்டில் கை காய்ச்சுவதைப் பற்றிக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "பேதி நிக்கறதுக்கு விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கு உங்க வைத்தியம். அந்த அதிர்வுதான் ரத்தக் குழாயைச் சுருக்குது, நரம்பைக் கொல்லுது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க உள்ளே இன்னும் நல்லா இறங்கும். மெஷினை விட்டா வெளுப்பு கொஞ்சம் குறையலாம். மரத்துப்போனது பெரும்பாலும் திரும்ப வராது."

இறுக்கிப் பிடி என்று இருபது வருடமாகச் சொல்லிவந்தவர் யார் என்று வரிசையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் கையைப் பார்த்தார்கள்.

அன்று மாலையே சூப்பர்வைசர் இன்னொரு செய்தி சொன்னார். ரேடியோவின் விஷயத்தைத் திங்கட்கிழமை மேனேஜர் முடிவு செய்கிறார். மூன்றாவது எச்சரிக்கை. "உங்க மச்சினனை மனசைத் தயார் பண்ணிக்கச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு நூல் அவன் வீட்டுக்குப் போனார். ஒரே அறை, ஒரே ஜன்னல். கதவுக்குப் பின்னால் ஊன்றுகோல்கள். ரேடியோவின் மனைவி துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையின் ரப்பர் பந்து ஒன்றைக் கைக்குள் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். அமுக்கினான், விட்டான், கையை மாற்றினான், மறுபடி அமுக்கினான்.

"என்னடா இது?"

"கைக்குப் பலம் வரணும்ல மாமா. தினம் ஐந்நூறு தடவை. நாளைக்கு ஏதாவது கேட்டா பிடிச்சுக் காட்டலாம். இனிமே விட மாட்டேன்னு சொல்லலாம்."

"ராத்திரி தூக்கத்துலகூட அமுக்கறாருண்ணே" என்றாள் அவன் மனைவி.

நூல் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"மாப்ளே, அதைக் கீழே வை. உன் கைக்கு ஒண்ணும் இல்ல. விட்டது நான்."

ரேடியோ பந்தை நிறுத்தவில்லை. "அக்கா அனுப்புச்சா?"

"யாரும் அனுப்பலை. நான்தான்டா விட்டேன்."

"வேணாம் மாமா. என்மேல உள்ள பாசத்துல நீங்க பொய் சொல்லி மாட்டிக்காதீங்க. உங்க கை எப்படிப்பட்ட கைன்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்க இப்படிச் சொன்னதே போதும்ணே" என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது. "கூடப் பொறந்தவங்ககூட இப்படி வந்து நிக்க மாட்டாங்க. பெரிய மனசு உங்களுக்கு."

நூலுக்கு முகம் எரிந்தது. தான் சொன்ன பொய் இவ்வளவு ஆழமாக வேர் பிடித்திருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் தியாகமாகத் தெரிகிறது. சும்மா எழுந்து போய்விட்டால்கூட, நல்லவர் என்ற பெயரோடு போகலாம். கதவு திறந்துதான் இருந்தது.

"அந்த டம்ளரைக் கொடும்மா" என்றார்.

அவள் ஸ்டீல் டம்ளர் ஒன்றைக் கொடுத்தாள். அதைக் கையில் பிடித்து, கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். "மாப்ளே, நீ எப்ப வேணாலும் எடு. மெதுவா எடு. எடுத்ததும் சொல்றேன்."

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தும் ஒலி கேட்டது. அவர் நீட்டிய கையோடு காத்திருந்தார். விரல்களை இறுக்கமாகவே வைத்திருப்பதாக நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எடுடா, ஏன் யோசிக்கறே?" என்றார்.

கண்ணைத் திறந்தார். டம்ளர் ரேடியோவின் மடியில் இருந்தது. பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. அந்தப் பெண் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டான் ரேடியோ.

"அஞ்சு வருஷமா."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அன்னைக்கு என்கூடத் தூக்கும்போது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

ரேடியோ டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேச ஆரம்பித்தான். குரல் உயரவில்லை.

"கால் உடைஞ்சதை விடுங்க மாமா. இரும்பு விழுந்தா எலும்பு உடையத்தான் செய்யும். சொல்லாம இருந்ததைக்கூட விடுங்க, பயந்துட்டீங்க. ஆனா நீங்க சும்மா இருக்கலையே. ஒரு வார்த்தை சொன்னீங்களே. நான் தரையில கிடக்கேன், ரத்தம் போகுது, அந்த நேரத்துல அத்தனை பேருக்கும் முன்னால. அதை எப்படி மாமா சொல்ல வந்துச்சு? இந்த ஆறு வாரமா நான் வாயைத் திறந்தா அதுதான் காதுல விழுது. என் பிள்ளை கதை சொல்லுப்பான்னு கேட்டா, வாய் வர மாட்டேங்குது."

நூல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு, எழுதிக் கொடுக்கிறேன் என்றார். பேனா தன் கையில் நிற்காது, ஆகவே ரேடியோ எழுத வேண்டும் என்றார்.

"அவர் எழுதினா, மிரட்டி வாங்கினதுன்னு சொல்லுவாங்க" என்றாள் அவன் மனைவி. "நான் எழுதறேன். சொல்லுங்க." பிள்ளையின் நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்து எடுத்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்பிருந்த ஈரம் அவள் குரலில் இல்லை. "'கை தவறி விட்டுவிட்டேன்'னு போடவா?"

"வேணாம். கை தவறலை. 'கையில் உணர்ச்சி இல்லை என்று தெரிந்தே தூக்கினேன்'னு போடு. அஞ்சு வருஷம்னு போடு. நர்ஸ்கிட்ட ஒரு மாசம்னு பொய் சொன்னேன், அதையும் போடு."

எழுதினாள்.

"அப்புறம், பேச்சைக் குறைன்னு சொன்னேனே..."

"அது வேணாம்" என்றான் ரேடியோ. "அது ஆபீசுக்கு இல்ல."

கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு முறை சாய்ந்தது. அவள் பிடித்துக்கொடுக்க முன்வரவில்லை. அவரே, பார்த்துப் பார்த்து, போட்டு முடித்தார்.

திங்கட்கிழமை மேனேஜர் தாளை இரண்டு முறை படித்தார்.

"ஏன்யா முன்னாடியே சொல்லலை?"

"வெட்கமா இருந்துச்சு சார்."

"நோய்க்கு என்னய்யா வெட்கம்?"

"முதல்ல நோய்க்குத்தான் சார். இப்ப நோய்க்கு இல்ல."

ரேடியோவின் எச்சரிக்கை ரத்தானது. நூலின் மெஷினை அன்றே வேறு ஆளிடம் கொடுத்தார்கள். டியூப் சுற்றியதைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார்கள். மற்ற கைகளையும் மறுபடி சோதித்தார்கள். இல்லை என்று சொன்ன ஏழு பேரில் ஐந்து பேருக்கு இருந்தது. மெஷின் பிடிக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். "தன் கை போச்சுன்னா போய்க்கிட்டே இருக்கணும். எங்க கையை எதுக்கய்யா காட்டிக்கொடுக்கணும்?" என்று சாந்தம் கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். நூல் கேட்டுக்கொண்டு நின்றார்.

மனைவி கத்தவில்லை. "பட்டன் போட்டுவிடுன்னு சொல்லியிருந்தா போட்டுவிட்டிருக்க மாட்டேனா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டு, திரும்பிப் பார்க்காமலே, "ஆறு வாரம் என் வாயால அவனைத் திட்ட வெச்சீங்களே" என்றாள். அதற்குப் பிறகு பல நாள் அவர்களுக்குள் தேவைக்குத்தான் பேச்சு.

அவருக்கு இப்போது மணலில் பதிக்கும் மர அச்சுகள் வைக்கும் கிடங்கில் வேலை. கேட்கிற அச்சை எடுத்துக் கொடுத்து, வந்ததைத் துடைத்து அடுக்க வேண்டும். எதுவும் அதிராது. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் கொட்டகை. பேசுவதெல்லாம் கேட்கும். யாரும் இப்போது அவரை நூல் என்று கூப்பிடுவதில்லை. கிடங்குக்காரர் என்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து ரேடியோ காலை லேசாகத் தாங்கி நடந்தபடி வேலைக்குத் திரும்பினான். கிடங்குக்கு அச்சு வாங்க வந்தால், "அந்த நாலாம் நம்பர் மாமா" என்பான். வாங்கிக்கொண்டு போய்விடுவான். அவனுக்குச் சாந்தத்தை ஜோடி சேர்த்திருந்தார்கள். முதல் நாள் அவர்கள் வார்ப்பைத் தூக்கும்போது, இடப்பக்கம் நின்ற ரேடியோ "தூக்கு" என்று சொல்லவில்லை.

"பிடி தெரியுதா?" என்றான்.

"தெரியாம என்னடா, புடிச்சுக்கிட்டுத்தானே நிக்கறேன்?"

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க."

"டேய், கண்ணாமூச்சி ஆடறியா?" என்று சாந்தம் கத்தினார். கொட்டகை சிரித்தது. ஆனால் ரேடியோ தூக்கச் சொல்லவில்லை, நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் அவர் கண்ணை மூடி, "தெரியுதுடா சாமி" என்றார். ஒரு வாரத்தில் மற்ற ஜோடிகளும் கேட்க ஆரம்பித்தார்கள். யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் உத்தரவு போடவில்லை. நாளைக்கு நாற்பது ஐம்பது முறை அந்தக் கேள்வியும் பதிலும் தகரத்துக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. "பிடி தெரியுதா?" என்று கேட்டான் ரேடியோ. பதில் வரவில்லை. கிடங்கில் அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"இல்லடா" என்றார் சாந்தம். அவ்வளவு மெதுவாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "இன்னைக்குத் தெரியலை."

"சரிண்ணே, விடுங்க. கப்பியை இழுத்துட்டு வரலாம்."

சங்கிலி இழுபடும் சத்தம் கொட்டகை நெடுக வந்தது. சாந்தத்தை யாரும் கிண்டல் செய்யவில்லை. பத்து நிமிடத்தில் இரும்பு பெஞ்சின்மேல் இறங்கியது. மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. அவ்வளவுதான் நடந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

இரும்பு விழுந்த அன்று கிடங்குக்காரர் சொல்லியிருக்க வேண்டியதும் 'இல்லடா' என்ற அந்த ஒரு சொல்தான். கிடங்கு வாசலில் யாரோ அச்சு கேட்டு வந்து நின்றார்கள். அவர் உடனே திரும்பவில்லை. முகம் அலமாரிப் பக்கமே இருக்க, எந்த நம்பர் என்று கேட்டார்.